நீர்க்கடுப்பும் கிருமியின் ஏடும்

சென்ற இதழில் கோடைக்கால நோய்களைப் பற்றி இப்பகுதியில் எழுதியிருந்தோம். அதைப் படித்த லேபர் கேம்ப் சகோதரியார் ஒருவர், "நீர்க்கடுப்பைப் பற்றியும் எழுதலாகாதா? எங்கள் வரிசையில் அது வாராத வீடே இல்லை" என்று கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானதே. வெளியில் சொல்ல நாணும் நோயாதலால் அதைப் பற்றிய பேச்சு அடுப்பங்கரையைத் தாண்டுவதில்லை.

"உடம்பில் சூடு ஏறிவிட்டது" என்பதே நம்மவர் தீர்ப்பு. இளநீரும் நீர்மோரும் தருவோம். ஊரிலிருந்து வந்த பாட்டியார் கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவுவார். அதற்கும் அடங்காவிடில் மெடிக்கல் கடையில் நான்கு மாத்திரை. இரண்டை விழுங்கியதும் எரிச்சல் தணிந்துவிடும். எஞ்சிய இரண்டும் அடுத்த வீட்டாருக்குப் பயன்படும். ஈகையில் நம் தெருக்காரர்கள் குறைந்தவர்களல்லர்! ஆயினும் அதே மாத்திரை அடுத்த ஆண்டு கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்பதே இத்திங்கள் நாம் ஆராயப் புகும் பொருள்.

இந்நோயைப் பெரும்பாலும் விளைவிப்பது ஈ கோலை எனும் கிருமி. நம் குடலில் தீங்கின்றி வாழ்வது அது. சிறுநீர்ப் பாதையில் ஏறிவிட்டாலோ பகையாகிறது. பெண்களுக்கு அப்பாதை குறுகியதாதலால் அவர்களையே மிகுதியும் வருத்துகிறது. மேலும், இரவில் பொதுக் கழிப்பிடத்திற்குச் செல்ல அஞ்சி, மாலைக்குமேல் தண்ணீரே பருகாத தாய்மார்கள் நம்மிடையே எத்தனை பேர்! அடிக்கடி நீர்க்கடுப்புக்கு ஆளாகும் பெண்கள் 140 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2018இல் வெளியாயிற்று. நாள்தோறும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் நீர் பருகியவர்களுக்கு நோய் திரும்புவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நீர் பருகச் சொல்வது எளிது. வழிக்கு விளக்கும் கதவுக்குத் தாழ்ப்பாளும் வேண்டாமா? இது ஆடவர்களும் சங்கக் கூட்டத்தில் எழுப்பவேண்டிய பேச்சு.

இனிக் கிருமிக்கு வருவோம். ஒவ்வோர் உயிரும் தன் பரம்பரைச் செய்தியை நான்கே எழுத்துக்களாலான ஓர் ஏடாகத் தன்னுள் வைத்திருக்கிறது. அதை முழுமையாகப் படிக்கும் வித்தையை விஞ்ஞானிகள் கற்றுவிட்டனர். ஒரே பஞ்சாங்கத்தின் பல பிரதிகளை வெவ்வேறு இடங்களில் கிழித்துக் கலந்துவிட்டால், ஒரு துண்டின் கடைசி வரி மற்றொன்றின் முதல் வரியாக வருவதைக் கண்டு ஒட்டிவிடலாம் அல்லவா? அவ்வாறே கிருமியின் மரபிழையைத் துண்டுகளாக்கி இயந்திரம் படிக்கிறது; கணிப்பொறி கோக்கிறது. தீங்கற்ற ஈ கோலை ஒன்றின் ஏட்டை, ஏறத்தாழ 46 லட்சம் எழுத்துக்களை, அமெரிக்காவின் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தார் 1997இல் வெளியிட்டனர். சிறுநீர்ப் பாதையைத் தாக்கும் வகையொன்றின் ஏடு 2002இல் வெளிவந்தபோது, அதில் 52 லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துக்கள் இருந்தன. நீர்ப்பையின் சுவரைப் பற்றிக்கொள்ளும் நுண்மயிர்கள், நம் உடலின் இரும்புச் சத்தைக் கவரும் கருவிகள் ஆகியவற்றுக்கான குறிப்புக்கள் இத்தகைய கிருமிகளின் ஏட்டில் காணப்படுகின்றன.

இச்செய்தி கடல் கடந்த ஊரோடு நிற்கவில்லை. நமக்கு அண்மையிலுள்ள புனேயில் நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த ஈ கோலையின் ஏட்டை, ஹைதராபாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நியாஸ் அகமதுவின் குழுவினர் படித்து 2011இல் வெளியிட்டனர். என்.ஏ.114 என்பது அதன் பெயர். பல மருந்துகளுக்கும் அடங்காதது. அது 131ஆம் எண்ணிட்ட குலத்தைச் சேர்ந்தது. அக்குலம் மூன்று கண்டங்களில் பரவியிருப்பது 2008இலேயே அறியப்பட்டிருந்தது. இக்குலத்தார் பலரிடம், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதியொன்றைச் செய்யும் குறிப்பு உண்டு. அந்நொதி முதன்முதல் கண்டறியப்பட்டது 1999இல் புதுதில்லியில் எடுத்த கிருமிகளில்தான்.

அக்குறிப்பு பெரும்பாலும் தனியொரு சிறு வளையத்தில் அமைந்திருப்பதால், தாயிடமிருந்து சேய்க்கு மட்டுமன்றி, ஒரு கிருமியிடமிருந்து அயலிலுள்ள வேறு கிருமிக்கும் கைமாறுகிறது. இத்தகைய மற்றொரு குறிப்புக்குப் புதுதில்லியின் பெயரையே இட்டதும், நாட்டுக்கு இழுக்கு என்று பலர் சினந்தனர். சென்னைப் பல்கலைக்கழகத்துக் கார்த்திகேயன் குமாரசாமி முதலியோர் 2010இல் அதைப்பற்றி எழுதிய கட்டுரை பெரும் வாதத்தைக் கிளப்பிற்று. கிருமிக்கோ அவ்வாதம் ஒன்றும் தெரியாது. தன் வேலையை அது பார்த்துக்கொண்டிருந்தது.

வேண்டாத மருந்தையும் பொருந்தாத மருந்தையும் நாம் விழுங்குந்தோறும் எளிய கிருமிகள் மடிய, எதிர்க்க வல்லவை எஞ்சிப் பெருகுகின்றன. அடுத்த வீட்டாருக்குக் கொடுத்த இரண்டு மாத்திரையின் கணக்கு இதில் அடங்கும். 2014 மார்ச் முதல், குறிப்பிட்ட சில மருந்துகளை விற்கும் கடைக்காரர், சீட்டு எழுதிய வைத்தியர் பெயரையும் வாங்கியவர் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டுகள் காக்கவேண்டும் என்பது சட்டம். சட்டம் ஏட்டிலிருக்க, "நேற்றுக் கொடுத்ததே கொடுங்கள்" என்னும் குரல் கடைவாசலில் ஒலிக்கிறது.

நோயுற்ற ஒவ்வொருவருக்கும் கிருமியின் ஏட்டைப் படிக்கவேண்டுவதில்லை. கடுப்பு அடிக்கடி திரும்பினாலும், மருந்து கேட்காவிடினும், யூரின் கல்ச்சர் எனும் சோதனை செய்யலாமா என்று வைத்தியரைக் கேளுங்கள். கிருமியை வளர்த்து, எம்மருந்துக்கு மடிகிறது என்று அதில் பார்த்துவிடுவர். இரண்டு மூன்று நாட்களில் முடிவு கிட்டும். மாத்திரை தொடங்குமுன்னரே சிறுநீரைக் கொடுக்கவேண்டும். முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைச் சோதனைச்சாலை தரும் தூய சீசாவில் பிடித்து, தாமதியாது சேர்ப்பித்தல் நலம். குளிர்காய்ச்சலோ விலாவில் வலியோ கண்டாலும், கருவுற்ற பெண்ணுக்கு இக்கடுப்பு வந்தாலும், ஒரு நாளும் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.