ஷோரூம்ல கேக்காத மச்சி... ஆம்பூர்ல கேளு!

போன வாரம் முசரவாக்கத்துத் தம்பி ஒருத்தன் என்னைப் பிடித்துக்கொண்டான். ஃபைனல் இயர். கேம்பஸில் பெங்களூரு வேலை ஓகே ஆகிவிட்டது. அப்பா பட்டுத் தறி நெய்கிறவர். "வாரா வாரம் வீட்டுக்கு வந்துடணும்ணா. பைக் எடுக்கப் போறேன், எது எடுக்கலாம்?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள், "350 சிசி எடுத்தா கெத்தா இருக்கும்ல?" என்று பதிலையும் அவனே சொல்லிவிட்டான். நம்ம பசங்க எல்லாரும் இப்படித்தானே? முடிவு பண்ணிட்டுத்தான் ஐடியா கேப்போம்!

சரி, கெத்தைக் கொஞ்சம் ஓரங்கட்டிட்டு ரோட்டைப் பார்ப்போம். பாலுசெட்டி சத்திரம் பக்கம் ஏறினால் பெங்களூரு ஹைவே. பழைய என்.எச்.4, இப்போ 48. வேலூர், ஆம்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று சுமார் 280 கிலோமீட்டர். போய் வர 560. மாசம் நாலு ட்ரிப்னா 2,240. இது காலேஜ் கேட்ல சீன் போடுற கணக்கு இல்லை பாஸ், லாரி டிரைவர் கணக்கு!

முதல் விஷயம், டாப் ஸ்பீடை மறந்துடுங்க. நாலு வழிச் சாலையில் டூவீலருக்கு மத்திய அரசு 2018-ல் வைத்த உச்சவரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். "எக்ஸ்பிரஸ்வேல போய்ப் பறப்பேன்" என்றால் அதற்கும் ஆப்பு. பெங்களூரு - மைசூரு எக்ஸ்பிரஸ்வேயின் மெயின் ரோட்டில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்குக்குத் தடை. ஆக, 140-ல் போகிற வண்டி வேண்டாம். 80-ல் நாலு மணி நேரம் அலட்டாமல் போகிற வண்டிதான் வேணும்.

அப்படின்னா அப்பாவோட 100 சிசி வண்டியே போதுமா? போகும்... ஆனா திணறும். 60-லிருந்து 80-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஆகும். அதைக் கிழிச்சுட்டுப் போக இன்ஜின் தரவேண்டிய சக்தி சுமார் 2.4 மடங்கு. எட்டு குதிரைச் சக்தி வண்டி அங்கேயே முக்கால்வாசி மூச்சைக் கொடுத்திருக்கும். ஒரு கன்டெய்னரை ஓவர்டேக் பண்ணணும்னா கையில் மிச்சம் எதுவும் இருக்காது. எடையும் 110 கிலோ சொச்சம்தான். பக்கத்தில் பஸ் பறந்தால் அந்தக் காத்தே வண்டியை ஓரமாத் தள்ளும்.

அந்தப் பக்கம் 350. நம்ம காஞ்சி மாவட்டத்திலேயே, ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும், ராயல் என்ஃபீல்டு ஃபேக்டரி இருக்கு. ஊர்ப் பாசம் வேற! கிளாசிக் 350-ல் சுமார் 20 குதிரைச் சக்தி, 13 லிட்டர் டேங்க். 80-ல் நிதானமாப் போகும். ஆனா எடை 195 கிலோ. ராத்திரி பஞ்சராகி நின்னா தனியாத் தள்ளிப் பாருங்க, தெரியும். நடுவில் 150, 160, 200 சிசி கூட்டம் இருக்கு. 140 கிலோவிலிருந்து 160 கிலோ, சுமார் 14 முதல் 20 குதிரைச் சக்தி. தனியாப் போற ஆளுக்கு இதுவே தாராளம்.

இனி காசு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்னு வைங்க. 35 மைலேஜ் கொடுக்கிற வண்டிக்கு மாசம் 6,400 ரூபாய். 45 கொடுத்தால் சுமார் 5,000. இதுக்கு மேல இ.எம்.ஐ., டயர், செயின், ஆயில். ஹைவே டோல் டூவீலருக்குக் கிடையாது, அந்த ஒரு ஆறுதல்தான். முதல் வேலை, முதல் சம்பளம், ரூம் வாடகை... தம்பி கணக்குப் போட்டுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

சிசி-யை விட முக்கியமா நாலு விஷயம் பாருங்க. ஒண்ணு, ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேல் எல்லாப் புது வண்டிக்கும் கட்டாயம். விலை கம்மின்னு அதுக்கு முந்தின செகண்ட் ஹேண்ட் வண்டியை எடுக்கறவங்க இதைக் கட்டாயம் செக் பண்ணணும். 80-ல் போகும்போது ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் ஓடிடுவோம். நாய் குறுக்க வந்தா யோசிக்கவே ஒரு செகண்ட் ஆகும்! ரெண்டு, ட்யூப்லெஸ் டயர். ஆணி ஏறினாலும் பெரும்பாலும் காத்து மெதுவாத்தான் இறங்கும், ஓரங்கட்ட நேரம் கிடைக்கும். மூணு, ஹெட்லைட். வெளிச்சத்தை ராத்திரியில் ஓட்டித்தான் பார்க்கணும். நாலு, சீட். ஷோரூம்ல அஞ்சு நிமிஷம் எல்லா சீட்டும் சோஃபாதான். நூறு கிலோமீட்டர் தாண்டி, ஆம்பூர்ல இறங்கும்போது இடுப்பு சொல்றதுதான் நிஜம்.

அதனால தம்பிக்கு ஒரே ஒரு ஹோம்வொர்க் கொடுத்தேன். ஃப்ரெண்ட்ஸ்கிட்ட 350 ஒண்ணு, 160 ஒண்ணு வாங்கி, ரெண்டு ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் வரைக்கும் போயிட்டு வா. பிரியாணி உன் செலவு!

போயிட்டு வந்தான். "160 போதும்ணா. மிச்சக் காசுல ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட், ஜாக்கெட், க்ளவுஸ். அப்புறம்... வாரா வாரம் வேணாம். மாசம் ரெண்டு வாட்டி பைக், மத்தபடி பஸ்" என்றான். எப்படிடா இந்த ஞானோதயம்? "அப்பாதான்ணா. புடவையைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பாக்காம வாங்கறவன் ஏமாளிடான்னார். அப்புறம், ஆம்பூர் போன அன்னிக்கு போன்ல சார்ஜ் போயிடுச்சு. வீட்டுக்கு வரும்போது அம்மா வாசல்லயே நின்னுட்டிருந்தாங்க. ரெண்டு மணி நேரமா நிக்கிறாங்களாம்."

அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்றது? ஒண்ணே ஒண்ணு சொன்னேன். வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிச்ச கையோட கிளம்பாதே. தூங்கி எழுந்து, சனிக்கிழமை விடிஞ்சதும் கிளம்பு. கிருஷ்ணகிரியில ஒரு டீ, வேலூர்ல ஒரு டீ. ரெண்டு இடத்துலயும் அம்மாவுக்கு ஒரு போன்.

எந்த பைக்கா இருந்தாலும் இது பொருந்தும் ஃப்ரெண்ட்ஸ். உங்களுக்கும் சேர்த்துத்தான்!