எண்ணெய்க் குதங்களின் மாவட்டத்தில் மின்கலக் கணக்கு

திருகோணமலை மக்களுக்குச் சேமிப்பும் கொள்ளளவும் புதிய செய்திகளல்ல. சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்க் குதங்கள் 99 உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் எரிபொருளைக் கொள்ளக்கூடியது. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கையின்படி, 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், 24 குதங்கள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், எஞ்சிய 61 குதங்கள் இரு தரப்பினரும் இணைந்த கூட்டு நிறுவனத்துக்கும் என வகுக்கப்பட்டன. அதே ஆண்டிலேயே இம்மாவட்டத்தின் மீனவர்கள் மண்ணெண்ணெய்க்காக வரிசையில் காத்துக் கிடக்க நேர்ந்தது. கொள்ளளவு இருந்தது, கொள்வதற்கு எரிபொருள் இருக்கவில்லை.

எழுதப்பட்ட கொள்ளளவு வேறு, தேவைப்படும் வேளையில் கைக்குக் கிடைப்பது வேறு என்ற இந்தப் பாடம், இன்று வீடுகளிலும் கடைகளிலும் வணக்கத்தலங்களிலும் வாங்கி வைக்கப்படும் மின்கலங்களுக்கும் பொருந்துவதாகும்.

2022 மார்ச் 31ஆம் திகதி நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு அமுலாகியது. அதற்கு முன்னரும் பின்னரும் நாடு முழுவதும் திடீரென இருளில் மூழ்கிய நாட்கள் பல. 2016 மார்ச் 13, 2020 ஆகஸ்ட் 17, 2021 டிசம்பர் 3, 2023 டிசம்பர் 9, 2025 பெப்ரவரி 9 என அந்தப் பட்டியல் நீள்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கி, மகாவலி பெருக்கெடுத்து மூதூர், வெருகல் பகுதிகள் வெள்ளத்தில் சிக்கியபோது, மின்சாரமும் தொலைத்தொடர்பும் எவ்வளவு எளிதில் அற்றுப்போகும் என்பதை மாவட்டம் மீண்டும் கண்டது. மாற்று மின்சாரம் வசதி படைத்தோரின் ஆடம்பரம் என்று இனியும் கூறுவதற்கில்லை. ஆனால், நகையை அடகு வைத்தேனும் மின்கலம் வாங்கும் குடும்பம், வாங்கும் பொருளின் அளவைச் சரியாக அறிந்துகொண்டா வாங்குகின்றது என்பதே கேள்வி.

கடைக்குச் செல்வோர் முதலில் கேட்பது, “எத்தனை அம்பியர் பற்றரி இருக்கிறது?” என்பதாகும். கேட்க வேண்டியதோ வேறு. எந்தெந்தச் சாதனங்களை இயக்கப் போகின்றோம்? எத்தனை மணித்தியாலங்களுக்கு? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணாமல் மின்கலத்தின் அளவைத் தீர்மானிக்க முடியாது.

கந்தளாய்க் குளத்தை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். ஒரே நேரத்தில் எவ்வளவு நீர் பாயும் என்பதை மதகின் அகலம் தீர்மானிக்கிறது. எத்தனை நாட்களுக்குப் பாயும் என்பதைக் குளத்தின் நீர் தீர்மானிக்கிறது. மாற்று மின்சார அமைப்பில் இன்வேட்டரின் வோட் அளவு மதகு போன்றது; மின்கலத்தின் கொள்ளளவு குளம் போன்றது. பெரிய இன்வேட்டரை வாங்கிச் சிறிய மின்கலத்தைப் பொருத்தியவரின் வீட்டில் எல்லாம் எரியும். ஆனால் நெடுநேரம் எரியாது. அத்துடன், மதகின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் நீர் வயலுக்கு வருவதில்லை. மின்கலத்திலும் அவ்வாறே எடுக்கக்கூடாத ஒரு பங்கு உண்டு.

ஒரு சாதாரண வீட்டின் கணக்கைப் பார்ப்போம். 9 வோட் எல்.ஈ.டி. மின்குமிழ்கள் நான்குக்கு 36 வோட். 75 வோட் கூரை மின்விசிறிகள் இரண்டுக்கு 150 வோட். இணைய இணைப்புக் கருவிக்கும் கைத்தொலைபேசிக்கும் தலா 10 வோட். ஆக மொத்தம் 206 வோட். நான்கு மணித்தியாலங்களுக்கு 824 வோட் மணி தேவை. 12 வோல்ட், 100 அம்பியர் மணி மின்கலம் ஒன்றில் 12 தர 100, அதாவது 1,200 வோட் மணி உண்டு. ஆகவே இது தாராளமாகப் போதும் என்று தோன்றும். போதாது என்பதே உண்மை.

முதலாவதாக, இன்வேட்டர் தானே ஒரு பங்கை வெப்பமாக இழக்கிறது. அவ்விழப்பை 15 சதவீதம் எனக் கொண்டால், 824 வோட் மணியைப் பெற மின்கலம் ஏறத்தாழ 970 வோட் மணியை வழங்க வேண்டும். இரண்டாவதாக, ஈய அமில மின்கலத்தை ஒவ்வொரு முறையும் பாதிக்கு மேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். எனவே 970இன் இரு மடங்கான 1,940 வோட் மணி கொண்ட மின்கலம் வேண்டும். அதை 12ஆல் வகுத்தால் வருவது சுமார் 162 அம்பியர் மணி. 150 அளவு போதாது. 200 அளவே பொருந்தும். மூன்றாவதாக, உறையில் அச்சிடப்படும் அளவு பெரும்பாலும் 20 மணித்தியாலங்களில் மெதுவாக வெளியேற்றிக் கணிக்கப்பட்டது. 100 அம்பியர் மணி என்பது 5 அம்பியர் வீதம் எடுத்தால் கிடைப்பது. 20 அம்பியர் வீதம் உறிஞ்சினால் அந்த முழு அளவு கிடைக்காது.

இதே கணக்கில் ஒரு நற்செய்தியும் உண்டு. அந்த இரு மின்விசிறிகளுக்கும் பதிலாக, 30 வோட் மாத்திரம் எடுக்கும் புதிய வகை மின்விசிறிகளைப் பொருத்தினால் மொத்தத் தேவை 116 வோட்டாகக் குறையும். அதன் பின்னர் 91 அம்பியர் மணியே போதும்; 100 அளவு மின்கலம் ஒன்றே நான்கு மணித்தியாலங்களுக்குத் தாக்குப்பிடிக்கும். மின்கலத்தைப் பெருப்பிப்பதற்கு முன் செலவைச் சிறுப்பிப்பதே சிக்கனம். லிதியம் அயன் பொஸ்பேற்று வகை மின்கலங்கள் விலை கூடியவை. எனினும் அவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தலாம். ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். எனவே விலையை உறையிலுள்ள அம்பியருக்கு வகுத்துப் பாராமல், ஆயுட்காலத்தில் அது தரக்கூடிய மின்சாரத்துக்கு வகுத்துப் பார்ப்பதே முறை.

வாகன மின்கலத்தை வீட்டுக்குப் பயன்படுத்தும் வழக்கத்தையும் இங்கு சுட்டிக்காட்ட வேண்டும். இயந்திரத்தைக் கிளப்புவதற்குச் சில விநாடிகள் பெருமளவு மின்னோட்டத்தை வழங்கவே அது மெல்லிய தகடுகளுடன் ஆக்கப்படுகிறது. நாள்தோறும் மணிக்கணக்கில் வடியவிட்டால் சில மாதங்களிலேயே செயலிழந்துவிடும். வெப்பமும் ஒரு பகையே. ஈய அமில மின்கலத்தின் வெப்பநிலை 25 பாகையிலிருந்து 10 பாகை உயர்ந்தால் ஆயுள் ஏறத்தாழ அரைவாசியாகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் மின்கலத்தை வைப்போர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். ஏற்றும்போது அது ஐதரசன் வாயுவை வெளிவிடுவதால் காற்றோட்டமற்ற படுக்கையறையில் வைப்பதும் ஆபத்தானது. நீண்ட மின்வெட்டுக்காலத்தில் மீண்டும் நிரம்ப நேரம் கிடைக்குமா என்பதும் கணக்கில் வர வேண்டும். 100 அம்பியர் மணி வடிந்த மின்கலத்தை 10 அம்பியர் வீதம் நிரப்பப் பத்து மணித்தியாலங்களுக்கு மேல் செல்லும். அரைகுறையாக நிரம்பியே கிடக்கும் மின்கலம் கெட்டுப்போகும்.

உயிருடன் தொடர்புடைய தேவைகளில் இந்தக் கணக்கு இன்னும் கண்டிப்பானது. தடுப்பூசிகளும் திறக்கப்படாத இன்சுலினும் 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரில் இருக்க வேண்டும். இதற்கு மின்கலம்தான் ஒரே வழி என்பதில்லை. மின்கலங்கள் சில ஆண்டுகளில் பழுதடைந்து தடுப்பூசிகள் வீணாகிய அனுபவத்தின் பின்னரே, பகல் வெயிலில் நேரடியாக இயங்கி, குளிரைப் பனிக்கட்டியாகச் சேமிக்கும் மின்கலமற்ற குளிர்சாதனப் பெட்டிகள் உலகெங்கும் பயன்பாட்டுக்கு வந்தன. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றிக் கடலுக்குச் செல்லும் மீனவருக்கு இந்தத் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை.

யுத்த காலத்தில் வடக்குக்குத் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் மின்சூள் பற்றரிகளும் இருந்தன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கின்றது. சிறியதொரு மின்கலம் மனிதரை உலகத்துடன் இணைக்கிறது என்பதை அத்தலைமுறை அறியும். 2004 ஆழிப்பேரலையின்போதும் 2006 யுத்த இடப்பெயர்வின்போதும் கிண்ணியா, மூதூர், சம்பூர் மக்களுக்குப் பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் கோயில்களுமே முதல் அடைக்கலமாயின. ஆகவே ஒவ்வொரு வீடும் தனித்தனியே கடன்பட்டு மின்கலம் வாங்குவதைக் காட்டிலும், மக்கள் ஒதுங்கும் இவ்விடங்களில் சரியாகக் கணிக்கப்பட்ட பொதுவான சேமிப்பை ஏற்படுத்துவது அறிவுடைமையாகும். வெள்ளத்தின்போது தொலைபேசிக்கு மின்னேற்றவும், சுவாச நோயாளியின் நெபுலைசரை இயக்கவும், இரவில் ஒரு விளக்கை எரியவிடவும் தமிழர், முஸ்லிம் என்ற பேதம் தேவையில்லை.

வீட்டின் இதே இரு வினாக்களைத்தான் இன்று நாடும் எதிர்நோக்குகின்றது. சம்பூரில் 500 மெகாவோட் நிலக்கரி மின் நிலையத்தை அமைக்கும் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அங்கு 120 மெகாவோட் சூரிய மின் திட்டத்தின் பணிகள் 2025 ஏப்ரல் 5ஆம் திகதி தொடக்கிவைக்கப்பட்டன. ஆனால் நாட்டின் உச்ச மின் தேவை மாலை 6.30 மணிக்குப் பின்னரே எழுகின்றது. சூரியன் அதற்கு முன்னரே சாய்ந்துவிடுகின்றது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின் தேவை குறைந்தபோது, கூரைச் சூரிய மின் அமைப்புகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை கோர நேர்ந்தது. பகலில் மிஞ்சுவதும் இரவில் அஞ்சுவதுமே நமது நிலை. இதற்குப் பரிகாரமாக 16 இடங்களில் தலா 10 மெகாவோட், 40 மெகாவோட் மணி அளவிலான மின்கலச் சேமிப்பகங்களை அமைப்பதற்கு அதே ஆண்டில் கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. இதில் 10 என்பது மதகு; 40 என்பது குளம். அதாவது நான்கு மணித்தியாலங்கள். மாலை உச்ச நேரமும் 6.30 முதல் 10.30 வரையான நான்கு மணித்தியாலங்களே. அரசியல்வாதிகள் மெகாவோட்டை மாத்திரம் அறிவிக்கும்போது, “எத்தனை மணித்தியாலங்களுக்கு?” என்று மக்கள் திருப்பிக் கேட்கப் பழக வேண்டும்.

அரசாங்கம் ஆற்ற வேண்டிய கடமைகளும் உண்டு. விற்கப்படும் ஒவ்வொரு மின்கலத்திலும், எத்தனை மணித்தியால வீதத்தில் அளவிடப்பட்டது, எவ்வளவு ஆழத்துக்கு வெறுமையாக்கலாம், எத்தனை முறை ஏற்றி இறக்கலாம் என்ற விபரங்கள் தமிழிலும் சிங்களத்திலும் கட்டாயமாக அச்சிடப்பட வேண்டும். பழைய மின்கலங்களின் ஈயமும் அமிலமும் களப்பிலும் கிணற்றிலும் கலவாதிருக்க, அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை இறக்குமதியாளர் மீது சுமத்த வேண்டும். இவற்றுக்கு அந்நிய உதவியோ புதிய உடன்படிக்கையோ தேவையில்லை.

கொள்ளளவு என்பது உறையில் எழுதப்பட்ட எண் அல்ல. இருள் சூழும் வேளையில் கிடைக்கும் மணித்தியாலங்களே கொள்ளளவு. அந்த மணித்தியாலங்களை வாங்குவதற்கு முன்னரே எண்ணிப் பார்க்கும் குடும்பமே ஏமாற்றத்திலிருந்தும் கடனிலிருந்தும் தப்பும்.