மின் அலைப் பெட்டியும் சம்பளப் பணமும்

பால்மரம் வெட்டும் தொழிலாளியின் தோள்வலியும் இடுப்புவலியும் வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரியும். சம்பளம் போட்ட வாரத்தில் மின் அலைச் சிகிச்சைப் பெட்டியோடு லயத்து வாசலுக்கு வந்து விடுகின்றனர். இன்ன அதிர்வெண்ணுக்கு இன்ன நோய் தீருமாம். நீரிழிவுக்கு மாத்திரையே வேண்டாமாம்!

இது வெறும் புளுகு. தோலில் பட்டை ஒட்டி மெல்லிய மின்துடிப்பைச் செலுத்தும் 'டென்ஸ்' கருவி சிலருக்கு வலியைச் சிறிது நேரம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். துடிப்பு நொடிக்கு 10ஆ 100ஆ என்பதில் மந்திரம் ஏதுமில்லை. இருதயத்தில் மின்கருவி பொருத்தியவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. கழுத்தின் முன்புறத்தில் எவரும் வைக்கலாகாது.

வாங்கத்தான் வேண்டுமென்றால், மலேசியாவின் 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டப்படி பெற்ற பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் சொல்லத் தயங்குபவருக்கு ஒரு தேநீர் கொடுத்து அனுப்பி விடலாம். கையெழுத்துப் போட்டு விட்டீர்களா? வீடு தேடி வந்து விற்றதானால், 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டப்படி 10 வேலை நாட்களுக்குள் எழுதிக் கொடுத்து ரத்துச் செய்யலாம். எழுதத் தெரியாத தோழர்களுக்குக் கிராணிமார் எழுதிக் கொடுக்க வேண்டுகிறோம்.

நாம் கேட்பது இன்னொன்று. வேலையால் வந்த வலிக்குத் தொழிலாளி ஏன் தன் கூலியிலிருந்து பெட்டி வாங்க வேண்டும்? ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் கைக்கும் மணிக்கட்டுக்கும் வரும் சில நோய்களை 1969ஆம் ஆண்டுச் சொக்சோ சட்டம் தொழில்நோய் என்றே ஏற்கிறது. மருத்துவரிடம் போகும்போது வலியை மட்டும் சொல்லாதீர்கள். செய்யும் வேலையையும் சொல்லுங்கள். அதை அவர் சீட்டில் எழுதட்டும்.