துறைமுகமும் டாக்கர் பொட்டியும்

மக்களே, இந்த வாரம் வகுப்புக்கு லோட் டெஸ்ட் செய்யணும். எதுக்குன்னு கேட்டா எங்க ஊர்க் கதையே போதும். 2023 ஏப்ரல்ல சேவை மறுப்புத் தாக்குதல்ல மொன்றியல் துறைமுகத் தளம் படுத்துடுச்சு. கியூபெக், ஹாலிஃபாக்ஸ் துறைமுகத் தளங்களும்தான். நல்லவேளை, சரக்கு வேலை நிக்கலை.

அனுமதியோட, சொந்த சர்வர் மேல அதே மாதிரி கோரிக்கையைக் கொட்டினா அதுதான் லோட் டெஸ்ட். எஞ்சின்எக்ஸை டாக்கர் கன்டெய்னர்ல ஏத்தி (துறைமுகத்து இரும்புப் பெட்டி இல்லீங்க!), அரை சிபியு, 256 எம்பின்னு கட்டிப்போட்டு, அப்பாச்சி பெஞ்ச்ல ஒரே நேரத்துல 100 வீதம் 10,000 கோரிக்கை.

அடிக்கிறதும் வாங்குறதும் ஒரே பொட்டின்னா ரெண்டும் சிபியுவுக்கு அடிச்சுக்கும். வர்ற எண்ணை நம்பாதீங்க. சராசரியும் ஏமாத்தும், நூத்துல 99 கோரிக்கை எவ்வளவு நேரத்துக்குள்ள முடிஞ்சதுன்னு பாருங்க. வெறும் வரவேற்புப் பக்கத்தை அடிச்சுட்டுக் காலரைத் தூக்கி விட்டுக்காதீங்க. டேட்டாபேஸைத் தொடுற தேடல் பக்கத்துலதான் வலிக்கும்.