கரண்டைக் குடிப்பது மெஷினா, சுடுநீரா?



"வாஷிங் மெஷின் வந்த பிறகு கரண்ட் பில் ஏறிவிட்டது" என்ற பேச்சு எமது வீடுகளில் அடிக்கடி கேட்பதுதான். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் பெருமளவு கூட்டப்பட்டபோது, மெஷினை மூடிவைத்துவிட்டுக் கையாலேயே கழுவிக் கொள்ளலாமா என்று யோசித்த சகோதரிகளும் இருப்பீர்கள். அப்படி மூடிவைத்தால் அந்தப் பாரம் இறங்குவது யாருடைய முதுகில் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. எனவே மூடுவதற்கு முன், கரண்ட் எங்கே போகிறது என்பதைப் பார்ப்போம்.

முன்பக்கம் கதவுள்ள மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீர் வர ஒரேயொரு குழாய்தான் உண்டு. பச்சைத் தண்ணீர் மட்டுமே உள்ளே போகும். சுடுநீர் வேண்டுமென்று நீங்கள் திருகியைத் திருப்பினால், மெஷினின் அடியிலுள்ள ஹீற்றர் அந்தத் தண்ணீரைச் சூடாக்கும். மேலே மூடியுள்ள மெஷின்கள் பலவற்றில் ஹீற்றரே கிடையாது. அவை கரண்டைக் குறைவாக எடுத்தாலும் தண்ணீரை வாரிக் குடிக்கும்.

இனி ஒரு சிறு கணக்கு. முன்கதவு மெஷின் சவர்க்காரத்தோடு கழுவும் கட்டத்தில் ஏறக்குறைய 15 லீற்றர் தண்ணீர் எடுக்கிறது என்று வைத்துக் கொள்வோம். கொழும்பிலோ காத்தான்குடியிலோ குழாய்த் தண்ணீர் 28 பாகை இருக்கும். அதை 40 பாகைக்குச் சூடாக்க ஐந்திலொரு யூனிட் போதும். 60 பாகைக்கு அரை யூனிட்டுக்கு மேல் வேண்டும். 90 பாகைக்கு ஒரு யூனிட்டையும் தாண்டும். உடுப்பும் உருளையும் சேர்ந்து சூடாக வேண்டியிருப்பதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் கூடவே செலவாகும். ஆனால் உருளையைச் சுற்றி, பிழிந்து, தண்ணீரை வெளியேற்றும் மோட்டருக்கோ ஒரு தடவைக்கு 0.1 முதல் 0.2 யூனிட் வரைதான் தேவை. ஆக, கரண்டைக் குடிப்பது மெஷினல்ல, சூடுதான்.

மாதத்தில் 20 தடவை 60 பாகையில் கழுவினால், சூட்டுக்கு மட்டும் 11 யூனிட் போகும். "பதினொன்றுதானே" என்று நினைக்க வேண்டாம். எமது நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் அமைந்தது. 60, 90, 120, 180 யூனிட் என்ற எல்லைகளைத் தாண்டும்போது யூனிட்டின் விலையோடு மாதாந்த நிலையான கட்டணமும் மாறுகிறது. 85 யூனிட்டில் நிற்க வேண்டிய வீடு, இந்தப் பதினொன்றால் 96க்குப் போய் 90ஐத் தாண்டிவிடும். பில்லைப் பார்த்துத் திகைப்பது அப்போதுதான்.

"பச்சைத் தண்ணீரில் அழுக்குப் போகுமா?" என்று கேட்பீர்கள். அழுக்கைப் பொறுத்தது. வியர்வை, தூசி, பள்ளிக்கூடத்துச் செம்மண் ஆகியவை எமது நாட்டுக் குழாய்த் தண்ணீரிலேயே போய்விடும். ஐரோப்பாவின் குளிர்காலத் தண்ணீரைப் போல எமது தண்ணீர் சில்லென்று இருப்பதில்லை. தேங்காய் எண்ணெய் 24, 25 பாகையிலேயே உருகிவிடுவதால் அதுவும் இளகிப் போகும். ஆனால் மாட்டுக் கொழுப்பு உருக 40 பாகைக்கு மேல் வேண்டும். கலியாண வீட்டுப் புரியாணி சிந்திய உடுப்பு, சமையலறைத் துணி ஆகியவற்றுக்கு முதலில் கறையில் சவர்க்காரம் தேய்த்து ஊறவைத்து, பிறகு 40 பாகையில் போடுங்கள். மஞ்சள் கறையைச் சூடு போக்காது. கழுவியபின் வெயிலில் காயப் போட்டால் அது தானாக வெளிறிவிடும்.

இரத்தக் கறைக்கும் முட்டை, பால் கறைக்கும் சுடுநீர் பகை. சூடு பட்டதும் கறை நூலோடு ஒட்டிக் கொள்ளும். பச்சைத் தண்ணீரில் தொடங்கி மெல்ல மெல்லச் சூடாகும் மெஷினில் கறை முதலிலேயே இளகுவதற்கு அவகாசம் கிடைக்கிறது. ஒரே குழாய் மெஷினின் நன்மைகளில் இதுவும் ஒன்று.

இங்கே மார்க்கம் சம்பந்தமான ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும். "90 பாகையில் போட்டால்தான் உடுப்புத் தொழுகைக்குச் சுத்தமாகும்" என்று எண்ணுவோர் உண்டு. அது சரியல்ல. நஜீஸ் நீங்குவதற்குச் சூடு நிபந்தனையல்ல, சுத்தமான தண்ணீரே நிபந்தனை. எம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, இரண்டு குல்லத்துக்கு, அதாவது சுமார் 200 லீற்றருக்குக் குறைந்த நீரில் நஜீஸ் விழுந்தால் அந்த நீரும் நஜீஸாகிவிடும். மெஷின் எடுப்பதோ வெறும் 15 லீற்றர். ஆகவே பிள்ளையின் சிறுநீர்த் துணியையும் இரத்தம் பட்ட உடுப்பையும் நேரே மெஷினில் போட்டு மற்ற உடுப்புகளோடு கலக்காதீர்கள். முதலில் குழாயைத் திறந்து, தண்ணீரை மேலே ஓடவிட்டு, நஜீஸைப் போக்கிவிட்டுப் பிறகு போடுங்கள். இதற்கு ஒரு யூனிட் கரண்டும் தேவையில்லை.

சூடு அவசியமான இடங்களும் உண்டு. வாந்தி, வயிற்றோட்டம் கண்டவரின் படுக்கை விரிப்பு, துவாய் ஆகியவற்றை 60 பாகையில் கழுவுவது நல்லது. தூசியால் இழுப்பு வரும் பிள்ளை இருந்தால், தலையணை உறைகளையும் விரிப்புகளையும் 60 பாகையில் கழுவினால் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் சாகும். நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்தில் தண்ணீர் அதிகம் குளிர்வதால், அங்குள்ள சகோதரிகள் வழமையாக 30 பாகையில் வைப்பது பொருத்தம்.

புத்தளம் போன்ற, கிணற்றுநீரில் சுண்ணாம்பு கூடிய ஊர்களில் உள்ளோர் இன்னொன்றையும் கவனியுங்கள். தண்ணீர் சூடாகும்போதுதான் சுண்ணாம்பு ஹீற்றரில் படியும். சூட்டைக் குறைத்தால் பில்லோடு பழுதுபார்க்கும் செலவும் குறையும்.

கூரையில் சூரிய ஹீற்றர் உள்ளவர்கள் "சுடுநீர்க் குழாயை மெஷினுக்கு இணைக்கலாமா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் பயன் இல்லை. மெஷின் எடுப்பது கொஞ்சத் தண்ணீர். குழாயில் ஆறிக் கிடக்கும் நீர் வந்து முடியுமுன் அதற்குத் தேவையானது நிரம்பிவிடும். அலசுவதற்கும் பச்சைத் தண்ணீரே போதும். குறிப்புப் புத்தகம் அனுமதிக்காத மெஷினில் சுடுநீரை இணைத்தால் அது பழுதாகவும் கூடும்.

இறுதியாகச் சில குறிப்புகள்:

• அன்றாட உடுப்புகளுக்குப் பச்சைத் தண்ணீரே போதும். திருகி முன்பு நின்ற இடத்திலேயே இருக்கும். தொடங்குமுன் ஒவ்வொரு முறையும் அதைப் பாருங்கள்.

• அரைகுறையாக ஓட்டாமல் உடுப்புச் சேர்ந்த பின் ஓட்டுங்கள். திணிக்கவும் வேண்டாம். மேலே ஒரு கை நுழைய இடம் இருக்கட்டும்.

• சவர்க்காரத் தூளை அளந்து போடுங்கள். கூடினால் நுரை நிற்கும், அலசலும் சரிவராது.

• எப்போதும் பச்சைத் தண்ணீரிலேயே கழுவினால் உள்ளே வழுவழுப்பும் வாடையும் பிடிக்கும். மாதம் ஒருமுறை உடுப்பின்றி 60 பாகையில் ஓட்டுங்கள். கழுவி முடிந்ததும் கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இதில் கவனம் தேவை.

• காயவைக்க அல்லாஹ் தந்த வெயில் இருக்கிறது. மின்சார உலர்த்தியை மழைக்காலத்துக்கு வைத்துக் கொள்ளுங்கள்.

ஒரு முத்து அளவு நீரில் வுழூச் செய்து, ஒரு ஸாஉ அளவு நீரில் குளித்து, அளவோடு வாழக் காட்டித் தந்தவர்கள் எமது நபி (ஸல்) அவர்கள். வீண்விரயத்தைத் தவிர்ப்பது என்பது வசதியைத் துறப்பதல்ல. தேவைக்கு எடுத்து, தேவையற்றதை விடுவதே அது. மெஷின் ஓடட்டும், உங்கள் முதுகுக்கும் ஓய்வு கிடைக்கட்டும். சூட்டை மட்டும் தேவையறிந்து பயன்படுத்துங்கள்.