புதிய இயந்திரமும் பழந்துணியும்

எமது கல்முனைப் பிரதேசத்தில் ‘மில்’ என்று சொன்னவுடன் எல்லோர் மனத்திலும் தோன்றுவது நெல் குற்றும் ஆலையே. சம்மாந்துறை வயல்களின் விளைவு மூட்டை மூட்டையாக வந்திறங்கும் இடமல்லவா அது! ஆனால், இவ்வாரம் நாம் பேச எடுத்துக்கொண்ட ‘மில்லிங்’ இயந்திரம் நெல்லை அறியாது. இரும்பையும் பித்தளையையும் அலுமினியத்தையும் மாத்திரமே அறியும். சுழலும் பல்வெட்டியினால் உலோகத்தைச் சிறிது சிறிதாகச் செதுக்கி, தட்டையான முகமும் நேரான பள்ளமும் உண்டாக்கித் தருவது அதன் தொழில். கடைசல் இயந்திரத்தில் வேலைப்பொருள் சுழலும். வெட்டும் கருவி சுழலாது. மில்லிங் இயந்திரத்தில் கருவி சுழலும். மேசையிற் பூட்டிய பொருள் அதனை நோக்கி மெல்ல நகரும். இரண்டுக்குமுள்ள வேறுபாடு இதுவே.

ஆலைகளில் ஆள் உயரத்துக்கு நின்ற இவ்வியந்திரம், இந்நாளில் 50 கிலோ முதல் 150 கிலோ வரையான எடையில், வீட்டு மேசையில் வைத்து வேலை செய்யத்தக்க உருவிலும் கிடைக்கிறது. தொழில்நுட்பம் பயின்ற இளைஞர்களும், வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியோரும் இத்தகையதொன்றை வாங்கி வீட்டின் பின்புறத்திலே தொழில் தொடங்க விரும்புவதுண்டு. விருப்பம் நல்லதே. அறுவடைக் காலத்தில் நெல் ஆலையின் சுழல்தண்டிலே சாவிப்பள்ளம் தேய்ந்துவிட்டால், அல்லது மீன்பிடிப் படகின் இயந்திரத்தில் ஓர் உறுப்பு முறிந்துவிட்டால், அதனைச் செப்பனிடும்வரை ஒரு குடும்பத்தின் வருவாய் தடைப்பட்டுப் போகிறது. அவ்வேலையை ஊரிலேயே செய்து கொடுக்கும் கை, எல்லோருக்கும் பயன்படும் கையன்றோ? ஆயின், பல ஆண்டுச் சேமிப்பை விழுங்கி வரும் அவ்வியந்திரம் நெடுங்காலம் உழைக்குமா, ஓராண்டில் துருவேறிக் கிடக்குமா என்பது பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

இதன் வரலாற்றைச் சிறிது அறிவோம். முற்காலத்தில் உலோகத்தைத் தட்டையாக்க உளியும் அரமுமே துணை. நாட்கணக்கில் அராவ வேண்டும். அராவியவன் கை ஓய்ந்தால் முகம் கோணும். 1830ஆம் ஆண்டளவில், இலண்டனில் மோட்ஸ்லே என்பாரின் தொழிற்சாலையிற் பணியாற்றிய ஜேம்ஸ் நாஸ்மித், அறுகோணச் சுரைகளின் (நட்) பக்கங்களைச் சீராக வெட்ட ஒரு சிறு மில்லிங் இயந்திரம் அமைத்தார். பின்னர் 1862இல், அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் ஜோசப் பிறவுண் சர்வதேவை மில்லிங் இயந்திரத்தை உருவாக்கினார். அது அமெரிக்க உள்நாட்டுப் போரின் காலம். துப்பாக்கி உறுப்புகளைத் துளையிடுதற்கு வேண்டிய முறுக்குத் துளைக்கருவிகளின் சுருட்பள்ளங்களைத் தொழிலாளர் அரத்தினாலேயே அராவிக்கொண்டிருந்தனர். அக்கடும் வேலையை எளிதாக்கும் பொருட்டே அவ்வியந்திரம் பிறந்தது.

இனி வீட்டுக்கு வந்த பெட்டியைத் திறப்போம். திறந்தவுடன் காண்பது தடித்த கிறீஸ் பூச்சு. சிலவற்றில் மெழுகு போன்ற பசை. “சேர், புத்தம் புதிய இயந்திரத்தை ஏன் கழுவ வேண்டும்?” என்று மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான். நல்ல கேள்வி. அப்பூச்சு, கப்பலில் வரும்போது கடற்காற்று தீண்டாதிருக்கப் பூசப்பட்டது; இயந்திரம் ஓடுவதற்கான எண்ணெயன்று. அன்றியும், வார்ப்பு மணலும் இரும்புப் பொடியும் அதில் ஒட்டி மறைந்திருக்கக்கூடும். அவ்வாறிருக்க, ஆசை மிகுதியால் கைச்சக்கரத்தைச் சுழற்றினால், அம்மணல் வழுக்குத் தடங்களுக்கிடையே புகுந்து அவற்றைக் கீறிவிடும். அக்கீறல் என்றும் ஆறாது. ஆதலால், துடைத்து முடியும்வரை எந்தச் சக்கரத்தையும் சுழற்றலாகாது, மின்சாரமும் இணைக்கலாகாது.

பெட்டியிலிருந்து தூக்குவதற்கு இருவர் அல்லது மூவர் வேண்டும். எடை மிகுந்ததாயின் சங்கிலிக் கப்பி வேண்டும். மேசையையோ கைப்பிடியையோ பற்றித் தூக்காமல், அடித்தளத்தையும் தூணையும் தாங்கித் தூக்குக. காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, மண்ணெண்ணெயில் நனைத்த பழந்துணியினால் கிறீஸை நீக்குக. மூலைகளுக்கும் திருகுப் புரிகளுக்கும் பழைய பற்தூரிகை உதவும். பெற்றோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி ஒரு பொறியிலேயே பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெயாயினும் அடுப்பும் சிகரெட்டும் அருகில் இருத்தல் கூடாது. நனைந்த துணிகளைக் குவித்து வைக்காமல் வெளியிலே விரித்து உலர்த்துக. மோட்டருக்குள்ளும் சுழல்தண்டின் தாங்கிகளுக்குள்ளும் மண்ணெண்ணெய் ஊற்றுதல் தவறு. உப்புத்தாள் கொண்டு வழுக்குத் தடங்களைத் தேய்த்தல் அதனினும் பெருந்தவறு.

மண்ணெண்ணெய் உலர்ந்தபின் இரும்பு காவலற்று நிற்கும். உடனே இயந்திர எண்ணெயை மெல்லியதாகப் பூசுக. வீட்டிலே எளிதிற் கிடைக்கிறதென்று தேங்காயெண்ணெயைப் பூசுவது பொருந்தாது. நாளடைவில் அது காறிப்போய், அதில் உண்டாகும் அமிலம் உலோகத்தையே அரிக்கும். எமது கரையோரத்தில் இவ்விஷயம் மிக முக்கியம். இரும்பு துருப்பிடிக்க நீரும் உயிர்வாயுவும் போதும். உப்பு சேர்ந்தால் அவ்வேலை பன்மடங்கு விரைவாகும். காற்றின் ஈரப்பதன் அறுபது வீதத்தைத் தாண்டினாலே துரு வேகம் கொள்ளத் தொடங்கும். கடற்கரைக் காற்று பெரும்பாலான நாட்களில் அதற்கும் மேற்பட்ட ஈரமுடையது. வாடைமழைக் காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. வியர்வை படிந்த விரல் பட்ட இடத்தில் மறுநாளே கைரேகை துருவாகத் தெரிவதுமுண்டு. கடலைப் பார்த்த யன்னலுக்கருகே இயந்திரத்தை வைக்காதிருத்தலும், ஒவ்வொரு மாலையும் எண்ணெய்த் துணியினால் துடைத்து மூடி வைத்தலும் இங்கு கட்டாயக் கடமைகள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை புகுந்த ஊர்களில் வாழும் எமக்கு, தரையிலிருந்து சற்று உயர்ந்த இடமே நல்லதென்று பிறர் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது நிலைநிறுத்தல். ஆடும் மேசையில் வைத்த இயந்திரம் ஒருபோதும் நேராக வெட்டாது. கனமான மரமோ இரும்புச் சட்டமோ கொண்டு மேசை அமைத்து, இரசமட்டம் வைத்துப் பார்த்து, அடித்தளம் முறுக்குண்ணாதபடி ஆணிகளை இறுக்குக. இடைவெளி இருந்தால் மெல்லிய தகடு செருகி நிரப்பிய பின்பே இறுக்க வேண்டும். மேசையின் வழுக்குத் தடத்தினுள்ளே சீர்செய்யும் சிறு பட்டையொன்றுண்டு. அது தளர்ந்திருந்தால் மேசை ஆடும். மிக இறுகினால் நகராது. கைச்சக்கரம் இலகுவாகச் சுழலவும், மேசையைக் கையால் அசைத்தால் ஆடாதிருக்கவும் அதனைச் சரிசெய்க.

பின்னர், சுழல்தண்டு மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சுழல்தண்டிலே முட்கடிகார அளவுமானியைப் பொருத்தி, கையாற் சுழற்றி, மேசையின் இடப்புறமும் வலப்புறமும் அளவு பார்க்க. 200 மில்லிமீற்றர் அகலத்தில் வேறுபாடு 0.02 மில்லிமீற்றருக்குள் இருந்தால் நன்று. அது எவ்வளவு சிறிதென்று மாணவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்! மேசைத் திருகின் புரியிடை 2 மில்லிமீற்றரும், கைச்சக்கரத்தில் 100 கோடுகளும் இருந்தால், ஒரு கோடு சுழற்ற மேசை நகர்வது 0.02 மில்லிமீற்றர். தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 0.07 மில்லிமீற்றர். அதில் மூன்றிலொரு பங்கிலும் குறைந்ததை நாம் கையாலேயே ஆள்கிறோம்.

மின்சார இணைப்பைத் தகுதி பெற்ற மின்வினைஞர் ஒருவரிடமே விடுக. எமது நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. இயந்திரத் தகட்டில் உள்ள எண் அதனோடு பொருந்துகிறதா என்று பார்த்த பின்னரே இணைக்க வேண்டும். புவிக்கம்பி இன்றியமையாதது. முதன்முறை, வெட்டி பூட்டாமல், மிகக் குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்திய பின் தாங்கிப் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, கைவைக்க முடியாத சூடு பிழையின் அறிகுறி. வேகத்தையும் கணக்கிட்டே வைக்க வேண்டும். மெல்லுருக்கை அதிவேக உருக்கு வெட்டியால் வெட்டும்போது, பல்லின் வேகம் நிமிடத்துக்கு 30 மீற்றர் எனக் கொண்டால், 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள வெட்டி ஏறத்தாழ 950 முறை சுழலலாம். விட்டம் இருமடங்கானால் சுழற்சி பாதியாக வேண்டும். வகுப்பிலே படித்த வட்டச் சுற்றளவுக் கணக்கு இங்கே உயிர் பெறுகிறதல்லவா?

வீட்டிலுள்ளோர் நலத்தையும் மறத்தலாகாது. துடைக்கும்போது கையுறை நன்று. ஓடும்போது கையுறையே ஆபத்து, வெட்டி அதனைப் பற்றிக் கையையும் உள்ளிழுக்கும். தொங்கும் சாரம், சால்வை, முந்தானை, விரிந்த கூந்தல், மோதிரம் எதுவும் அருகில் வரலாகாது. கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி வேண்டும். உலோகச் சீவலைக் கையால் அகற்றாது, இயந்திரத்தை நிறுத்தித் தூரிகையால் அகற்றுக. வேலை முடிந்ததும் மின்செருகியைக் கழற்றிவிடுக. பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுவர். பார்க்கட்டும், ஆனால் தொலைவில் நின்று, அவர்களும் கண்ணாடி அணிந்து.

எண்ணெயும் அழுக்கும் படிந்த கையைக் கண்டு முகம் சுளிக்கும் வழக்கம் படித்த குடும்பங்களில் இன்னும் அற்றுப்போகவில்லை. “படிப்பித்தது இதற்கா?” என்று கேட்கும் பெற்றோரும் உளர். அவர்களுக்குக் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவை நினைவூட்ட விரும்புகிறேன். பள்ளிப் படிப்பை இடையில் விட்ட அவர், உணவுச்சாலையில் உழைத்துச் சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதனை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பூட்டியே இயந்திரவியல் கற்றார். இந்தியாவின் முதல் மின்மோட்டர் எனப் போற்றப்படுவது, 1937இல் அவரும் பாலசுந்தரமும் உருவாக்கியதே. பிரித்தும் துடைத்தும் பார்த்த கண்ணுக்கே உறுப்புகளின் உறவு புலப்படும். புதிய இயந்திரத்தைக் கூலியாளிடம் துடைக்கக் கொடுப்பவன், அதன் முதற் பாடத்தையும் அவனிடமே கொடுத்துவிடுகிறான்.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பீடமும், அம்பாறையில் ஹார்டி தொழில்நுட்ப நிறுவனமும் எமக்கு அண்மையில் உள்ளன. அங்கு பயிலும் எம் பிள்ளைகள் ஏட்டிற் காணும் அளவைக் கையிலும் காண வேண்டும். நவராத்திரியில் கருவிகளைத் துடைத்துப் பொட்டிட்டு வணங்குவது எம்மவர் மரபு. தூய்மையை இறைநம்பிக்கையின் ஒரு பகுதியாகவே போதிப்பது எம் அயலாரான முஸ்லிம் சகோதரரின் மார்க்கம். மருதமுனை நெசவாளரைக் கேட்டுப் பாருங்கள். தறியைத் துடையாது தொழிலைத் தொடங்குவது தகுமா என்று. புதிய இயந்திரம் வாங்கிய இளைஞன் ஆகட்டும், வாங்க எண்ணியிருப்பவன் ஆகட்டும், முதலில் நாடவேண்டியது மின்விசையையன்று. ஒரு போத்தல் மண்ணெண்ணெயையும் ஒரு கட்டுப் பழந்துணியையுமே.