வந்து போகும் பழுதும் நாற்பது பக்க நோட்டும்

எந்த இயந்திரமும் அடியோடு நின்றுபோனால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. கோளாறு எங்கே என்று அதுவே காட்டிக் கொடுத்துவிடும். இன்று ஓடும், நாளை ஓடாது, ஆள் வந்து பார்த்தால் மறுபடி ஓடும் என்றிருக்கிற பழுதுதான் பொல்லாதது. ரயில்வேயில் மின்சாரப் பிரிவில் 39 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அத்தகைய பழுதைப் பிடிக்க முதலில் வேண்டியது ஸ்குரூ டிரைவர் அல்ல, ஒரு நோட்டும் பென்சிலும். அடுத்தபடியாக, அந்த இயந்திரத்தைத் தினமும் கையாளுகிறவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் பொறுமை. நம் வீடுகளுக்கு வருகிற சர்வீஸ் ஆட்களிடம் இந்த இரண்டும் இல்லை. நாமும் அவர்களிடம் கேட்பதில்லை. வெளியூரில் இருக்கிறோம், பாஷை வேறு, எதற்கு வம்பு என்று கேட்ட பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

இதை எழுதத் தூண்டியது ஓர் ஓவன். ('அவன்' என்று எழுதினால் யாரோ ஒருவனைத் திட்டுவது போலாகிவிடுகிறது. ஆகவே 'ஓவன்' என்றே வைத்துக்கொள்வோம்.) 2024-இல் என் மகன் டோம்பிவிலியில் புது ஃப்ளாட் வாங்கியபோது சமையலறையில் அலமாரிக்குள்ளேயே பதித்த மின்சார ஓவன் ஒன்றையும் வாங்கினான். மேலே ஒரு காயில், கீழே ஒரு காயில், பின்பக்கம் விசிறி. 16 ஆம்பியர் பிளக்கில் ஓடுவது. விலையைக் கேட்டு நான் ஒரு நிமிஷம் பேசவில்லை. ஆனால் பேத்திக்கு அதில் கேக் செய்வது என்றால் உயிர்.

மே மாதம் முழுவதும் ஒழுங்காக ஓடியது. ஜூனில் மழை பிடித்ததும் சேட்டை ஆரம்பித்தது. சில நாள் ஓவனைப் போட்ட ஐந்தாறு நிமிஷத்தில் வீடு முழுவதும் இருண்டுவிடும். மெயின் பெட்டியில் ஆர்.சி.சி.பி. விழுந்திருக்கும். அதைத் தூக்கிவிட்டுப் போட்டால் மறுபடி விழும். மூன்றாவது தடவை ஒன்றுமே நடக்காதது போல ஓடும். வேறு சில நாள் இரண்டு மணி நேரம் போட்டாலும் விழாது.

கம்பெனியிலிருந்து முதலில் வந்த பையன் இருபது நிமிஷம் ஓட்டிப் பார்த்தான். விழவில்லை. 'டெஸ்ட் செய்தோம், ஓ.கே.' என்று செல்போனில் தட்டிவிட்டுப் போனான். இரண்டாவதாக வந்தவர் எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளேயிருந்த எலெக்ட்ரானிக் கார்டை மாற்றினார். நான்கு நாளில் மறுபடி இருட்டு. மூன்றாமவர் வீட்டு வயரிங்கில்தான் கோளாறு என்றார். வயரிங் செய்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அவர் ஓவனில்தான் கோளாறு என்றார். அதோடு ஒரு வைத்தியமும் சொன்னார்:

"சாப், அர்த்திங் நிகால் தோ, ஜஞ்ஜட் கதம்."

எர்த் வயரை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்கிறார். அவர் கெட்ட மனிதர் அல்லர். அவர் சொன்னபடி செய்தால் சுவிட்ச் விழுவதும் நிச்சயம் நின்றிருக்கும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. விசாரித்தபோது எங்கள் கட்டடத்திலேயே இரண்டு வீடுகளில் கீசருக்கு இப்படிச் செய்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

போன மின்சாரம் அத்தனையும் திரும்பி வருகிறதா என்று கணக்குப் பார்ப்பதுதான் ஆர்.சி.சி.பி.யின் வேலை. பேஸில் போனதற்கும் நியூட்ரலில் திரும்பியதற்கும் இடையே வித்தியாசம் வந்தால், வழியில் எங்கோ கசிகிறது என்று பொருள். வீடுகளில் பொருத்துவது 30 மில்லி ஆம்பியரைத் தாண்ட விடாத வகை. அதற்கு மேற்பட்ட மின்சாரம் மனித உடம்பில் சற்று நேரம் பாய்ந்தால் இதயம் தாளம் தப்பிவிடக்கூடும் என்பதால்தான் அந்த அளவு. ஓவனில் கசிகிற மின்சாரம் இரும்பு உடம்புக்கு வந்து, எர்த் வயர் வழியே மண்ணுக்குப் போகிறது. கணக்கு உதைக்கிறது, சுவிட்ச் விழுகிறது. எர்த்தை எடுத்துவிட்டால் கசிவு நிற்பதில்லை, போக வழியில்லாமல் ஓவனின் உடம்பிலேயே காத்திருக்கிறது. வெறுங்காலோடு ஈரக்கையால் கைப்பிடியைத் தொடுகிற குழந்தை அதற்கு வழியாகிவிடும். அப்போதும் சுவிட்ச் விழும்தான். ஆனால் அடி பட்ட பிறகு விழும். சிலர் ஆர்.சி.சி.பி.யையே கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரண எம்.சி.பி. போட்டுவிடுகிறார்கள். அந்த வீட்டில் இந்தக் காவலும் கிடையாது. எம்.சி.பி.க்கு அதிக லோடும் ஷார்ட் சர்க்யூட்டும்தான் தெரியும், மனிதன் மீது பாய்கிற சிறு மின்சாரம் தெரியாது.

ரயில்வேயில் டிராக் சர்க்யூட் என்று ஒன்று உண்டு. தண்டவாளத்தில் ஓடும் சிறு மின்சாரம் ஒரு ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். வண்டி ஏறினாலும், வயர் அறுந்தாலும், பாட்டரி இறங்கினாலும் ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். எதில் தவறு வந்தாலும் வண்டி நிற்கும் பக்கமே தவற வேண்டும் என்பது அதன் தத்துவம். வண்டிகள் தாமதமாகும், பிரயாணிகள் ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டுவார்கள். அதற்காக ரிலேயைக் கட்டி வைக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது.

வந்து போகும் கோளாறை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ரயில்வேயிலேயே உதாரணம் இருக்கிறது. 2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவின் பாஹாநகா பஜாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் லூப் லைனில் புகுந்து, நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. 290-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கொல்கத்தாத் தமிழ்க் குடும்பங்களுக்கு அது ஊருக்குப் போகிற வண்டி. சிக்னல் சர்க்யூட்டில் முன்பு செய்த மாற்றத்தில் இருந்த தவறு, ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணையில் வெளியே வந்தது. 2022 மே மாதத்திலேயே அதே கரக்பூர் கோட்டத்தில் வேறொரு நிலையத்தில், தவறான வயரிங்கால் இதே போன்ற சம்பவம் நடந்திருந்தது. அப்போதே உரிய நடவடிக்கை எடுத்திருந்தால் விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்பது அறிக்கையின் முடிவு. ஓவனோடு அதை ஒப்பிடுவது அதிகம் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நான் பல ஆண்டுகள் புறநகர் மின்ரயில்களின் கார் ஷெட்டில் இருந்தேன். மோட்டார்மேன் புத்தகத்தில் 'இன்ன இடத்தில் வண்டி இழுக்கவில்லை' என்று எழுதிவிட்டுப் போவார். ஷெட்டில் பார்த்தால் சமர்த்தாக ஓடும். 'டெஸ்ட் செய்தோம், ஓ.கே.' என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் எங்கள் வேலை சுலபம். ஆனால் என் மேலதிகாரி ஒருவர் விடமாட்டார். "மோட்டார்மேன் பொய் சொல்ல அவனுக்கென்ன வேலை? மழை பெய்ததா, எத்தனை மணி, கூட்டம் எவ்வளவு, கேட்டுட்டு வா" என்று விரட்டுவார். அவரிடம் படித்த பாடத்தைத்தான் வீட்டிலும் செய்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி ஃப்ரிஜ் மேல் வைத்தேன். தேதி, நேரம், எந்தக் காயில், எத்தனையாவது நிமிஷம், மழை உண்டா, கடைசியாக ஓவனைப் போட்டது என்றைக்கு. மருமகள்தான் எழுதினாள்.

மூன்று வாரத்தில் நோட்டுப் பேச ஆரம்பித்தது. ஐந்து தடவை விழுந்திருந்தது. ஐந்தும் மேல் காயில் போட்டபோது. ஐந்தும் மூன்று நாளுக்கு மேல் ஓவனைத் தொடாமல் இருந்த பிறகு. ஐந்தும் முதல் பத்து நிமிஷத்துக்குள். கீழ்க் காயிலை மட்டும் போட்ட நாளில் ஒரு தடவைகூட இல்லை.

"மாமா, முந்தின நாள் யூஸ் பண்ணியிருந்தா விழறதில்லைன்னு முதல்ல வந்த ஆள்கிட்டயே சொன்னேனே" என்றாள் மருமகள்.

சொல்லியிருக்கிறாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சமையலறையில் நிற்கும் பெண்ணுக்கு மின்சாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்பு. இவர்கள் மீது எனக்குள்ள பெரிய குறை இதுதான். பாதி விடையை அவள் முதல் நாளே கையில் கொடுத்திருந்தாள்.

மீதி விடை காயிலுக்குள் இருந்தது. ஓவனின் காயில் வெளியே உலோகக் குழாய், உள்ளே சூடேறும் கம்பி. இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவே மக்னீசியம் ஆக்ஸைடு என்ற வெள்ளைத் தூள் இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது, அருமையான பொருள். ஒரே குறை, அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் குழாயின் இரு முனைகளையும் சீல் வைத்திருப்பார்கள். சீல் சரியில்லாவிட்டால் மழைக்கால ஈரம் மெல்ல உள்ளே இறங்கும், கசிவு உண்டாகும். காயில் நன்றாகச் சூடேறினால் ஈரம் ஆவியாகிப் போய், பழுதும் போய்விடும். சும்மா கிடந்தால் திரும்ப வரும். கம்பெனி ஆட்கள் வந்த நாட்களை நோட்டில் பாருங்கள் என்றாள் மருமகள். நோட்டு வாங்குவதற்கு முந்தைய வருகைகளையும் அவள் ஞாபகமாகக் குறித்து வைத்திருந்தாள். மூன்று வருகையும் முந்தின நாள் கேக்கோ பிஸ்கட்டோ செய்த மறுநாள்!

இந்த ஈரத்தின் குணம் மும்பை ரயில்வேக்காரர்களுக்குப் புதிதல்ல. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது மின்ரயில்கள் தண்ணீரில் நின்றன. மோட்டார்களை உலர்த்தி, மெக்கர் வைத்துப் பார்த்து, இன்சுலேஷன் ஏறிய பிறகுதான் ஓடவிட முடியும். அதே மெக்கரைத் தான் இப்போதும் தேடிப் பிடித்தேன். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் கையால் சுற்றுகிற பழைய 500 வோல்ட் மெக்கர் இருந்தது. ஓவனை நான்கு நாள் தொடாமல் வைத்தோம். ஐந்தாம் நாள் பிளக்கைப் பிடுங்கி, காயில்களின் வயர்களைக் கழற்றித் தனித்தனியாகப் பார்த்தோம். (கழற்றாமல் மெக்கர் வைத்தால் எலெக்ட்ரானிக் கார்டு போய்விடும். பழக்கமில்லாதவர்கள் செய்ய வேண்டாம்.) கீழ்க் காயிலில் முள் நூறு மெகா ஓமைத் தாண்டியது. மேல் காயிலில் முள் எழுந்திருக்கவே இல்லை.

நோட்டின் மூன்று பக்கங்களைப் படம் எடுத்து மகன் கம்பெனிக்கு அனுப்பினான். இந்தத் தடவை கொஞ்சம் வயதான ஒருவர் வந்தார். நின்றபடியே ஐந்து நிமிஷம் நோட்டைப் படித்தார். வேறொன்றும் கேட்காமல் மேல் காயிலை மாற்றினார், அரை மணி நேர வேலை. வாரண்டியில் பைசா செலவில்லை. அதன் பிறகு ஒரு மழைக்காலம் போய்விட்டது, சுவிட்ச் விழவில்லை.

ஓவனை வாரம் ஒரு முறை சூடாக்கி உலர்த்திக்கொண்டே இருந்திருக்கலாமே என்று கேட்பார்கள். கடை கோடவுனில் பல மாதம் கிடந்த ஓவன் முதல் நாள் மட்டும் இப்படிச் செய்தால், உலர்த்துவதே போதும். திரும்பத் திரும்ப வந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். புதுச் சாமானுக்கு அந்தச் சமாதானம் வேண்டியதில்லை, மாற்றித்தான் கேட்க வேண்டும். 'ஓ.கே.' என்று எழுதிய சர்வீஸ் சீட்டில், பழுது கண்ணில் படவில்லை என்று எழுதச் சொல்லி, புகார் எண்ணை மூடாமல் வைக்கச் சொல்லுங்கள். ஹிந்தியிலோ மராட்டியிலோ தடுமாறினாலும் பரவாயில்லை. அவர் போகிற அவசரத்தில் இருப்பார், நாம் இருக்க வேண்டியதில்லை.

கீசருக்கோ வாஷிங் மெஷினுக்கோ முன்பு யாராவது எர்த்தை எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்று லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வாடகை வீடானால் கட்டாயம் பாருங்கள். மெயின் பெட்டியில் ஆர்.சி.சி.பி. மீது 'டி' என்று ஆங்கில எழுத்துப் போட்ட சிறு பட்டன் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அழுத்த வேண்டும். அழுத்தினால் சுவிட்ச் விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். விழுந்தால் சுவிட்ச் நல்லது என்று மட்டும்தான் அர்த்தம், எர்த் இருக்கிறதா என்பதை அந்தப் பட்டன் சொல்லாது. அதற்கு வயர்மேன்தான் வர வேண்டும்.